எல் என்றால் லார்ஜ் இல்லையாம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் நலம், என் இரண்டு மிஷின்களும் நலம். அங்கே நீ, மாப்பிள்ளை, குட்டி, உன் அம்மா, அவளுடைய இடது முழங்கால் எல்லாரும் எப்படி என்று ஒவ்வொருவராகப் பிரித்து எழுது, ‘எல்லாரும் சூப்பர்ப்பா’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடாதே. போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பக்கம் பக்கமாக எழுதிக் கூரியரில் போடுகிறார் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் குட்டி அழுவான், இல்லாவிட்டால் உன் அம்மா போனைப் பிடுங்கி நான் சாப்பிட்டேனா என்று விசாரிப்பாள், அதற்குள் உனக்கு ஆபீஸில் மீட்டிங் வந்துவிடும். அதுவுமில்லாமல் இந்த விஷயத்தில் நீ நடுவில் ‘அப்பா’ என்று ஒரு தரம் கூப்பிட்டால் போதும், நான் உருகிப் போய் சரி சரி என்று தலையாட்டிவிடுவேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார், அதுதான் சௌகரியம். பயப்படாதே, நல்ல செய்திதான், மூன்று நாளாக எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஆனால் கடைசிப் பக்கத்துக்கு முதலில் தாவாதே, பள்ளிக்கூடப் புத்தகத்தில்கூட கடைசிப் பாடத்தை முதலில் படிக்கிற பெண் நீ, இதை மட்டும் வரிசையாகப் படி.

நீ அனுப்பிய விமான டிக்கெட் வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, ஜன்னலோர சீட்டு, போக மட்டும். அந்த ‘போக மட்டும்’ என்பதை நான் நாலைந்து தடவை படித்தேன், தப்பு உன் மேல் இல்லை, மாசக் கடைசியில் கடைச் சாவியை மாடிக்காரரிடம் கொடுத்துவிட்டு உங்களோடு வந்து இருந்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தவன் நான்தான். கடைக்கு மேலேயே குடியிருக்கிற நம் கட்டட ஓனருக்கும் அவசரம், வாடகை ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது, இடம் காலியானால் அவருடைய மருமகன் செருப்புக் கடை வைக்கப் போகிறாராம். தினமும் காலையில் நான் ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டதும் படியிறங்கி வந்து, டெய்லர் சார், யோசிச்சீங்களா என்று கேட்பார். கேட்டுக்கொண்டே சுவரை அளப்பார், கையால்தான், எனக்குச் சிரிப்பாக இருக்கும், ஒரு டெய்லரின் கண்முன்னால் ஜாணால் அளக்கிற ஆளை என்ன சொல்வது. உன் அம்மா குட்டியைப் பார்த்துக்கொள்ள அங்கே வந்து ஐந்து மாதமாயிற்று. அவள் இல்லாத கடையில் காஜா எடுப்பதும் நானே, பட்டன் வைப்பதும் நானே, ஓரம் மடிப்பதும் நானே, என்னைத் திட்டுவதற்கு மட்டும்தான் ஆள் இல்லை. நீ சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நினைத்துத்தான் சரி என்றேன். சொன்ன மறுநாளிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தால் கை கனத்தது, அதையும் உன்னிடம் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போது போன வாரக் கடைசியில் நாடக அரங்கத்தின் நிர்வாகியம்மா கடைக்கு வந்தார். நல்ல உயரம், பக்கத்தில் நின்று பேசினாலும் கடைசி வரிசைக்குக் கேட்கிற மாதிரிதான் பேசுவார். அரங்கத்தின் கூரை ஒழுகி மேடைத் திரை பாழாகிவிட்டதாம், புதுத் திரை தைக்க வேண்டும், நடுவில் அவர்களுடைய சின்னமான ஆந்தையை எம்பிராய்டரியில் போட வேண்டும். சாதாரண ஆந்தை இல்லை பாப்பா, ஆறடி உயரம், இறக்கையை விரித்துக்கொண்டு, ஒவ்வொரு இறகும் தனித்தனி நிறத்தில். திரை பிடித்துப் போனால் அவர்கள் போடுகிற எல்லா நாடகத்துக்கும் மூன்று வருஷத்துக்கு உடுப்புகளும் நம்மிடமே என்றார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை. முழு ஆந்தையின் டிசைனையும் வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் லேப்டாப்பில் கொண்டுவந்து காட்ட வேண்டும், ஒரு கண்ணை மட்டும் துணியில் தைத்தும் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் வேலை ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விடும். என் மனசில் உடனே ஒரு கணக்கு ஓடியது, இந்த ஆந்தை கிடைத்தால் கடை இருக்கும், கிடைக்காவிட்டால் சாவி மாடிக்காரருக்கு, நான் உன் வீட்டு சோபாவுக்கு. உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படாதே, தோற்றுப்போனால் யாருக்கும் தெரியாமல் தோற்றுப் போகலாம் என்றுதான்.

இங்கேதான் உன் பழைய லேப்டாப் கதைக்குள் வருகிறது. மூடியில் நீ ஒட்டிய பூனைப் படங்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன, ஒரு பூனைக்கு மட்டும் வால் போய்விட்டது. அதைத் தூக்கிப் போடுங்கப்பா, புதுசு அனுப்புறேன் என்று நீ எத்தனை தடவை சொல்லியிருப்பாய். எம்பிராய்டரி மிஷினின் கேபிளைச் செருகப் புது லேப்டாப்பில் ஓட்டையே கிடையாது, டிசைன் போடுகிற சாஃப்ட்வேரும் அதில் ஏறாது என்று மிஷின் கம்பெனிக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள், இல்லாவிட்டால் எனக்கு மட்டும் கிழட்டு லேப்டாப்போடு குடித்தனம் நடத்த ஆசையா. ஞாயிற்றுக்கிழமை ஆந்தையின் தலையைப் போட்டேன், சமர்த்தாகப் போட்டது. திங்கட்கிழமை இடது இறக்கையைத் தொட்டேன், அவ்வளவுதான், நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. நான் டீ குடித்துவிட்டு வந்தேன், சுற்றியது. ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துவிட்டு வந்தேன், சுற்றியது. அப்புறம் மெமரி போதவில்லை என்று ஒரு கட்டம் வந்து, போட்ட இறகெல்லாம் போயே போய்விட்டது. மூன்று தடவை இதே கூத்து. அப்போதுதான் எனக்குப் பொட்டில் அடித்த மாதிரி ஒன்று ஞாபகம் வந்தது. நீ காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது என் வெட்டு மேஜைக்கு எதிரில் நின்றுகொண்டு, இதுல இன்னொரு இடம் காலியா இருக்குப்பா, ஒரு மெமரி வாங்கிப் போட்டா பறக்கும் என்று சொன்னாய். நான் அடுத்த மாசம் பார்க்கலாம் என்றேன். அடுத்த மாசமும் அதையேதான் சொன்னேன். நீயும் அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டே படித்து முடித்துப் போய்விட்டாய். பதினோரு வருஷம் கழித்து அந்த வட்டம் என் முன்னால் வந்து சுற்றுகிறது, நீ பட்டது என்னவென்று இப்போதுதான் எனக்கு உறைத்தது, அதற்காக இந்த இடத்தில் ஒரு தரம் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, நாமே பார்த்துவிடலாம் என்று லேப்டாப்பை வெட்டு மேஜையில் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கத்துக் குட்டிக் கதவைத் திறந்தேன். நீ சொன்னது சரிதான், மெமரி வைக்க இரண்டு இடம், ஒன்றில் பச்சை நிறத்தில் ஒரு பட்டை அட்டை, இன்னொன்று காலி. இரண்டு பக்கமும் இருந்த கொக்கியை விலக்கினதும் அந்த அட்டை தானாகவே சாய்வாக எழுந்து நின்றது, எனக்கு அதைப் பார்த்ததும் குழந்தை மாதிரி சந்தோஷம். அளவெடுக்காமல் நான் எதையாவது வாங்குவேனா, டேப்பை வைத்து அளந்தேன், நீளம் இரண்டு அங்குலம் ஐந்து நூல், உயரம் ஒரு அங்குலம் ஒரு நூல், கீழே பொன் நிறத்தில் பல் வரிசை, அந்த வரிசையில் ஒரு வெட்டு, அதுவும் நட்ட நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கி. காக்கிக் காகிதத்தில் வரைந்து, வெட்டையும் விடாமல் அப்படியே கட்டிங் எடுத்துவிட்டேன். அட்டை மேல் ஒட்டியிருந்த சீட்டில் PC3L-12800S என்று எழுதியிருந்தது. இதைப் படித்ததும் உன் அப்பாவின் புத்தி எங்கே போயிருக்கும் என்று உனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகக் கழுத்துப் பட்டையில் எஸ், எம், எல் என்று சீட்டு வைத்துத் தைக்கிறவன் நான். முன்னால் 3L, பின்னால் S. ஒரே துணியில் மூன்று எல்லும் போட்டு எஸ்ஸும் போட்டால் அதை யார் போட்டுக்கொள்வது என்று தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அப்புறம் நானே ஒரு தீர்ப்புக்கும் வந்தேன், இந்த லேப்டாப்போ நோஞ்சான், இதற்குப் போய் எந்தப் புண்ணியவானோ மூன்று எல் சைஸை மாட்டிவிட்டிருக்கிறான், அது உள்ளே தொளதொள என்று இருப்பதால்தான் இத்தனை நாளாகத் திணறுகிறது, கூட ஒன்று வாங்கும்போது எல் இல்லாத கச்சிதமான சைஸாகப் பார்த்து வாங்க வேண்டும். எவ்வளவு தெளிவாக யோசித்திருக்கிறேன் பார்.

செவ்வாய்க்கிழமை காலையில் கடையைப் பூட்டிக்கொண்டு, பாலத்துக்கு அடியில் பழைய எலெக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கிற தெருவுக்குப் போனேன். ஒரு பெரியவர் பிஸ்கட் டின் நிறைய இந்த மெமரி அட்டைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டின் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றின் மேலும் என் காகிதக் கட்டிங்கை வைத்துப் பார்த்தேன். சிலது நீளம், மேஜைக் கம்ப்யூட்டருக்கு உள்ளதாம். சிலது நீளம் சரி, வெட்டு வேறு இடத்தில். இருபது முப்பதுக்குப் பிறகு இரண்டே இரண்டு அட்டை நூல் பிசகாமல் பொருந்தியது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, சார், மெமரிக்குப் பேப்பர் கட்டிங்கோட வந்த மொத ஆள் நீங்கதான் என்றார், எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இரண்டில் ஒன்று PC3, இன்னொன்று PC3L. கேள், கையில் வைத்திருந்த அந்த எல் போட்ட அட்டையை, இந்த சைஸ் நமக்கு லூஸ் என்று சொல்லி நானே திரும்ப டின்னில் போட்டேன். என் கையாலேயே போட்டேன் பாப்பா.

மற்றதைக் கொண்டுவந்து மாட்டினேன். அளவு கச்சிதம். பட்டனை அழுத்தினேன், திரை கறுப்பாகவே இருந்தது, பீப் பீப் பீப் என்று ஒரு ஒப்பாரி மட்டும் வந்தது. புதிதைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் மாட்டினேன், அப்போதும் கறுப்பு. இத்தனை வருஷ டிசைன் அத்தனையும் அதற்குள், நீ காலேஜில் எடுத்த படங்கள் அதற்குள், தலை முடிந்த ஆந்தை அதற்குள். லைனிங் துணியில் அதைச் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நம் வரிசையில் நாலாவது கடைக்கு ஓடினேன். அங்கே நீ போன பிறகு போன், லேப்டாப் ரிப்பேர் செய்கிற ஒரு அம்மா வந்திருக்கிறார், காதில் பேனா செருகுகிற மாதிரி எப்போதும் ஒரு திருப்புளியைச் செருகியிருப்பார், தெருவில் எல்லாருக்கும் அவர் திருப்புளியம்மாதான். விஷயத்தைக் கேட்டுவிட்டு முதல் கேள்வி, எது மேல வெச்சுக் கழட்டினீங்க என்று. வெட்டு மேஜையில் பாலியஸ்டர் துணி விரித்திருந்தது, அதன் மேல்தான் என்றேன். அந்தத் துணியில உங்க கை உரசினாலே கரண்டு ஏறும் அண்ணா, நல்ல வேளை இது தப்பிச்சுது, இனிமே வெறும் மரத்து மேல வெச்சுத் தொடுங்க என்று ஒரு டோஸ் விட்டார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கிற சாதாரண அழிரப்பரை எடுத்துப் பழைய அட்டையின் பொன் பற்களை மெதுவாகத் தேய்த்தார், சாய்வாகச் செருகினார், இரண்டு கொக்கியும் டிக் என்று சொல்கிறவரை அழுத்தினார். பாபின் கேஸை மாட்டும்போது அந்த டிக் கேட்காமல் நான் மிஷினைத் தொட்டிருப்பேனா, இங்கே மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறேன். உன் பூனைக் கம்ப்யூட்டர் கண்ணைத் திறந்தது, எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் என் எல் கதையை அவரிடம் சொன்னேன். பாப்பா, அந்த அம்மா சிரித்த சிரிப்பில் காதில் இருந்த திருப்புளி கீழே விழுந்துவிட்டது. எல் என்றால் லார்ஜ் இல்லையாம், லோ, அதாவது கம்மியாம். கம்மியான மின்சாரத்தில் ஓடுகிற அட்டை. இது பத்தியச் சாப்பாடு சாப்பிடற லேப்டாப் அண்ணா, நீங்க அதுக்குப் பக்கத்துல முழுச் சாப்பாடு கேக்கற ஆளைக் கொண்டு வந்து உக்கார வெச்சிட்டீங்க, அதான் பசி பசின்னு கத்திச்சு என்றார். அளவும் வெட்டும் இரண்டுக்கும் ஒன்றேதானாம், அதனால் என் கட்டிங் மேல் தப்பில்லையாம், அதைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அப்புறம் கடைசி எஸ் என்ன என்று பயந்துகொண்டே கேட்டேன். அது நிஜமாகவே ஸ்மால்தானாம், லேப்டாப்புக்குள்ள சின்ன அட்டை என்று அர்த்தமாம். எஸ்ஸில நீங்க பாஸ், எல்லில பெயில் என்று மார்க்கும் போட்டார். அடியில் இருக்கிற மாடல் நம்பரைப் பார்த்து, இப்ப இருக்கறது நாலு ஜிபி, காலி இடத்துல எட்டு வரைக்கும் போடலாம், 3Lன்னு இருக்கணும், அதை மட்டும் மறக்காதீங்க என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவரிடம் அந்தப் பழைய வகை கைவசம் இல்லை, வரவழைத்தால் பத்து நாள் ஆகுமாம்.

புதன்கிழமை கடையைத் திறக்கும் முன்பே பாலத்தடிக்கு ஓடினேன். நான் டின்னில் போட்ட அந்த எல் அட்டை போய்விட்டிருந்தது. நேத்து சாயங்காலமே ஒருத்தர் எடுத்துட்டுப் போயிட்டாரே சார் என்றார் பெரியவர். நான் திரும்பி வந்து ஷட்டரைத் தூக்காமல் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். இன்னும் இரண்டே நாள். உன் டிக்கெட்டை நினைத்தேன், அந்த ‘போக மட்டும்’ கண் முன்னால் வந்து நின்றது. ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. உங்களோடு இருக்க எனக்குக் கசக்கவில்லை, குட்டியின் கன்னத்தை நினைத்தால் என் விரலெல்லாம் துடிக்கிறது. ஆனால் உன் வீட்டில் நான் என்ன வேலை செய்வேன் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, காலையில் எழுந்தால் எனக்காக ஒரு துணி வெட்டக் காத்திருக்க வேண்டும், அது இல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் நான் நல்ல மனுஷனாக இருந்ததே இல்லை, உன் அம்மாவைக் கேள்.

அந்த நேரம் பார்த்து மாடிக்காரர் இறங்கி வந்தார், கையில் ஒரு பேண்ட். என்ன டெய்லர் சார், இன்னிக்கு முகம் தொங்கிப் போயிருக்கு என்றார். மறைக்கத் தெம்பில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் மோவாயைத் தடவிக்கொண்டு, லேப்டாப்புன்னா எங்க வீட்டு மாடிப்படிக்கு அடியிலகூட ஒண்ணு கெடக்கு, எங்க மருமகன் பாக்காம அது மேல உக்காந்துட்டான், திரை நொறுங்கிப் போச்சு, அதுல இருக்குமா என்று கேட்டார். இரண்டு பேருமாக அதைத் தூக்கிக்கொண்டு திருப்புளியம்மாவிடம் போனோம். அவர் கதவைக் கழற்றினார், அட்டையை எடுத்தார், கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் சீட்டைப் படித்தார், என் கையில் கொடுத்தார். எட்டு, PC3L-12800S. நான் என் காகிதக் கட்டிங்கை எடுத்து அதன் மேல் வைத்தேன், பழக்கதோஷம், அச்சாகப் பொருந்தியது. வாங்கிக்கொள்வதற்கு முன்னால் மாடிக்காரரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன், இந்த அட்டை வேலை செய்தால் நான் சாவி தராமல் போனாலும் போவேன், உங்கள் மருமகன் கடைக்கு வேறு இடம் பார்க்க வேண்டியிருக்கும், நன்றாக யோசித்துக் கொடுங்கள் என்று. அவர் ஹோ என்று சிரித்து, இத்தனூண்டு அட்டையால என்ன சார் ஆயிடப் போகுது, எடுத்துக்குங்க, பதிலுக்கு இந்தப் பேண்ட்டை இடுப்புல ரெண்டு அங்குலம் பிரிச்சு விடுங்க போதும் என்றார். அவர்தான் அசல் மூன்று எல், ஆனால் இன்றுவரை எல் என்று சொல்லித்தான் தைத்துக்கொள்கிறார். இரண்டு இல்லை, மூன்று அங்குலம் பிரித்து விட்டிருக்கிறேன், அது அவருக்குத் தெரியாது.

திருப்புளியம்மா மாட்டினார், டிக், டிக். திரை வந்தது, மொத்தம் பன்னிரண்டு என்று காட்டியது. அங்கேயே வைத்து ஆந்தையைத் திறக்கச் சொன்னேன், என்னால் கடைவரை பொறுக்க முடியவில்லை. இடது இறக்கையைத் தொட்டேன். வட்டம் வரவில்லை பாப்பா. வட்டமே வரவில்லை. இறகு இறகாக, பழுப்பும் வெள்ளையும் கறுப்புமாக அந்த இறக்கை முழுக்க விரிந்தது. நான் வாயெல்லாம் பல்லாக நிற்கிறேன், கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, இப்படி வரும் என்று சொன்ன பெண் இங்கே இல்லையே என்று. பறக்கும்ப்பா என்றாயே, நிஜமாகவே பறந்தது. வியாழக்கிழமை முழுக்க வலது இறக்கையும் உடம்பும் காலும் போட்டு, மிஷின் சட்டத்துக்குள் அடங்கும்படி பத்தொன்பது துண்டாகப் பிரித்து, சாயங்காலத்துக்குள் ஒரு கண்ணைத் தைத்தும் முடித்துவிட்டேன். மஞ்சளில் ஐந்து வகை நூல் போட்டிருக்கிறேன், கடைக்குள் எந்தப் பக்கம் போனாலும் அது என்னையே பார்க்கிறது, உன் அம்மா கடையில் இருக்கிற மாதிரியே இருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அரங்கத்தில் நிர்வாகியம்மா முன்னால் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன். அவர் ஆந்தையைப் பார்த்தார், பெரிதாக்கச் சொல்லி ஒவ்வொரு இறகாகப் பார்த்தார், துணியில் தைத்த கண்ணை எடுத்துக்கொண்டு போய் மேடையில் தொங்கவிட்டுக் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். அங்கிருந்தே, டெய்லர், இது என்னை முறைக்குது, இதுதான் எனக்கு வேணும் என்றார், காலி அரங்கம் முழுக்க அந்தச் சொல் கேட்டது. அங்கேயே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டோம், மூன்று வருஷம். திரும்பி வந்து மாடிக்காரரைக் கூப்பிட்டு அவருடைய ஒப்பந்தத்தையும் மூன்று வருஷத்துக்குப் புதுப்பித்தேன். அவர் பேனாவைப் பிடித்துக்கொண்டு, அந்த லேப்டாப்பை எடுக்கும்போதே என் வீட்டுக்காரி வேண்டாம்னு சொன்னா சார் என்று முனகினார், ஆனால் பிரித்துவிட்ட பேண்ட்டைப் போட்டுப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். அவருடைய மருமகனுக்கு எதிர் வரிசையில் ஒரு இடம் காலியாக இருப்பதை நானே பார்த்துச் சொல்லியிருக்கிறேன், என்ன இருந்தாலும் அவர் அன்றைக்கு லேப்டாப் மேல் உட்காராமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கடை இல்லை.

ஆக, உனக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. இதை நேராகவே சொல்லிவிடுகிறேன், நீ எனக்காகத் தனி அறை ஒதுக்கி ஜன்னலுக்குத் திரை மாட்டியிருக்கிறாய் என்று மாப்பிள்ளை சொன்னார், அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உறுத்துகிறது. அந்த அறைக்கு நான் வரத்தான் போகிறேன். நிர்வாகியம்மா திரைத் துணியை நெய்து வரவழைக்க மூன்று மாதம் ஆகும் என்றார், பதினெட்டாம் தேதி வந்தால் அதில் மீதி நாள் முழுக்க உங்களோடுதான். குட்டிக்கு நாலு சட்டை வெட்டி வைத்திருக்கிறேன், தைக்கவில்லை, அவன் மார்பளவும் கழுத்தளவும் இப்போது எவ்வளவு என்று டேப் வைத்து எடுத்து அனுப்பு, உத்தேசமாகச் சொல்லாதே, உத்தேசத்தால் நான் பட்டது போதும். இந்த உறையில் அந்தக் காகிதக் கட்டிங்கையும் வைத்திருக்கிறேன், தூக்கிப் போட்டுவிடாதே, நீ கேட்டு நான் வாங்கித் தராத சாமானின் அளவு அது.

நீயும் மாப்பிள்ளையும் மனசு நிறைந்து இருங்கள், குட்டி அழுதாலும் சிரித்தாலும் பலமாகச் செய்யட்டும், உன் வேலையில் நீ நினைத்ததெல்லாம் நடக்கட்டும், என் ஆசீர்வாதம் எப்போதும் உனக்கு உண்டு. ராத்திரியில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தூங்காதே, மாப்பிள்ளை பார்க்காமல் உட்கார்ந்துவிடப் போகிறார்.

கடைசியாக ஒரு ஞாபகம், இதுதான் முக்கியம். டிக்கெட்டை மாற்ற வேண்டும். போன வாரம் நீ குட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தபோது உன் அம்மா போனில் குரலைத் தாழ்த்தி, ஏங்க, கடையில என் முக்காலியில யாராவது உக்காருறாங்களா என்று கேட்டாள். நான் சொன்னதாகச் சொல்லாதே. இஸ்திரிப் பெட்டியைத்தான் வைத்திருக்கிறேன் என்றேன், அதை எடுத்துக் கீழ வைங்க, காலு ஆடும் என்றாள், அவ்வளவுதான். அவளாக உன்னிடம் கேட்க மாட்டாள், குட்டியையும் உன்னையும் விட்டுவிட்டு எப்படிக் கேட்பாள். அதனால் நீயே கேள். டிக்கெட் போக ஒன்று, வர இரண்டு என்று மாற்றட்டுமா அம்மா என்று கேள். அவள் என்ன பதில் சொல்கிறாள் என்பதைக் காதில் வாங்காதே பாப்பா, முகத்தை மட்டும் பார்.

முக்காலியைத் துடைத்து வைத்திருக்கிற

உன் அப்பா